கல் தரையும் சமையல் மேடையும்: கறை, மங்கல், சீலர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு வீடுகளில் தரையாகவும் மேடையாகவும் படியாகவும் கிடக்கும் இயற்கைக் கற்கள் பெரும்பாலும் கடப்பா, கோட்டா, மார்பிள், கிரானைட் என்ற நான்குக்குள் அடங்கிவிடும். இவற்றில் கறை எடுப்பது, மங்கியதை மெருகேற்றுவது, சீலர் பூசுவது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. முதல் கேள்வியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம். மற்ற எல்லா பதிலும் அதைப் பொறுத்துத்தான் மாறும்.

எங்கள் வீட்டில் இருப்பது என்ன கல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைக்காரர் சொன்ன பெயரைவிட ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு சரியாகச் சொல்லும். கதவுக்குப் பின்னால், பீரோவுக்கு அடியில் என்று கண்ணில் படாத, ஆனால் பாலிஷ் உள்ள ஓர் இடத்தில் ஒரு சொட்டு விட்டு 5 நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் மங்கி, விரலால் தடவும்போது லேசாகச் சொரசொரத்தால் அது சுண்ணாம்பு வகைக் கல். சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பினால் சந்தேகமே வேண்டாம். மார்பிள், கடப்பா, கோட்டா, ஜெய்சல்மேர் மஞ்சள் கல் எல்லாம் இந்த வகைதான். இவற்றில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். புளிப்பு எதுவாக இருந்தாலும் கல்லைக் கரைக்கும்.

எந்த மாற்றமும் இல்லை என்றால் கிரானைட் வகையாக இருக்கும். வெளிமுற்றத்தில் பதித்ததாக இருந்தால் மணற்கல்லாகவும் இருக்கலாம். கிரானைட்டை அருகில் வைத்துப் பார்த்தால் வெவ்வேறு நிற மணிகள் பின்னிக் கிடப்பது தெரியும். மார்பிளில் மணி தெரியாது, ரேகை ஓடும். கடப்பா ஒரே கருப்பாகவோ சாம்பல் கருப்பாகவோ இருக்கும். விளிம்பைப் பார்த்தால் ஏடு ஏடாக அடுக்கு தெரியும். ராஜஸ்தானின் கோட்டா மாவட்டத்திலிருந்து வரும் கோட்டா கல் பச்சை கலந்த நீலமாகவோ பழுப்பாகவோ இருக்கும்.

கடினத்திலும் இந்த இரண்டு வகைக்கும் பெரிய தூரம். மார்பிளில் உள்ள கால்சைட்டின் கடினம் மோஸ் அளவில் 3. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் 7. செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும் மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். அதனால்தான் வாசல் நிலையைத் தாண்டியதும் வரும் இரண்டடி மார்பிள் மட்டும் எல்லா வீட்டிலும் முதலில் மெருகு போகிறது.

சீலர் என்பது பாலிஷா? அது என்ன செய்யும்?

பாலிஷ் இல்லை. கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. அந்தத் துளைகளுக்குள் இறங்கி, சுவர்களில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரையும் எண்ணெயையும் சீக்கிரம் உள்ளே விடாமல் தடுப்பது ஊடுருவும் சீலர். சிலேன், சிலாக்சேன், ஃப்ளோரோபாலிமர் என்று டப்பாவில் போட்டிருக்கும். சிலேன், சிலாக்சேன் முக்கியமாகத் தண்ணீரைத் தடுக்கும். எண்ணெயும் தடுக்கப்பட வேண்டிய சமையல் மேடைக்கு ஃப்ளோரோ வகை நல்லது. நிறம் கூட்டும் வகை என்று போட்டிராவிட்டால், இவை பொதுவாகக் கல்லின் நிறத்தையோ பளபளப்பையோ மாற்றாது, ஆவியை வெளியே விடும்.

இன்னொரு வகை, கல்லின் மேல் படலமாக உட்காரும் அக்ரிலிக், மெழுகு வகைகள். பூசிய அன்று கண்ணைப் பறிக்கும். ஆறு மாதத்தில் நடைபாதை தேய்ந்து, ஓரம் மட்டும் மின்னி, ஈரம் அடியில் மாட்டிய இடம் வெளுத்துப் போகும். உரித்து எடுப்பது பூசுவதைவிடப் பல மடங்கு வேலை. வீட்டுக்குள் இதை நாங்கள் பரிந்துரைப்பதே இல்லை.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: எந்த ஊடுருவும் சீலரும் புளிப்பைத் தடுக்காது. சீலர் பூசிய மார்பிளில் ரசம் சிந்தினாலும் அது மங்கும். கறை உள்ளே இறங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரத்தில் துடைத்தால் கறை நிற்காது. அதற்குத்தான் சீலர்.

எங்கள் கல்லுக்கு சீலர் தேவையா?

தண்ணீரிடம் கேளுங்கள். சுத்தமான, நன்றாகக் காய்ந்த கல்லில் அரை டீஸ்பூன் தண்ணீரை மூன்று நான்கு இடங்களில் விட்டு 15 நிமிடம் காத்திருங்கள். துடைத்தபின் அடியில் கருமையான வட்டம் தெரிந்தால் கல் குடிக்கிறது, சீலர் வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள்ளேயே கருத்தால் இரண்டு முறை பூச வேண்டியிருக்கும். வட்டமே இல்லை என்றால் பூசாதீர்கள். உள்ளே போக இடமில்லாத சீலர் மேலேயே நின்று பிசுபிசுக்கும்.

நெருக்கமான கருப்பு கிரானைட் பலவற்றுக்கு சீலர் தேவைப்படாது. வெளிர் நிறங்கள்தான் அதிகம் குடிக்கும். காஷ்மீர் வைட் அதற்கு நல்ல உதாரணம். பெயரில்தான் காஷ்மீர், வெட்டியெடுப்பது தமிழ்நாட்டில். மேடையாகப் போட்டால் சிங்க்கைச் சுற்றி எப்போதும் ஈர நிழல் தெரியும்.

மேடையில் ஒரு வெளிர் தடம். எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. என்ன கறை அது?

கறையே இல்லாமல் இருக்கலாம். கல்லைவிடக் கருத்திருந்தால் கறை. ஏதோ ஒன்று உள்ளே இறங்கியிருக்கிறது. கல்லைவிட வெளுத்து, மங்கலாக, டம்ளர் அடியின் வட்டமாகவோ சொட்டு வடிவிலோ இருந்தால் அது அமிலம் தின்ற தடம். அங்கே எடுப்பதற்கு எதுவும் இல்லை. மேல்பரப்பு கரைந்து போயிருக்கிறது. விளக்கைப் போட்டுத் தலையைச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது மறைந்து, சாய்த்துப் பார்க்கும்போது வெளிச்சம் படாத தீவு மாதிரி தெரிந்தால் அமிலத் தடம்தான். எலுமிச்சை, புளித்தண்ணீர், தயிர், தக்காளி, வினிகர், கழிப்பறை கழுவும் திரவம் எதுவும் காரணமாகலாம்.

அந்த அமிலத் தடத்தை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

உள்ளங்கை அளவுக்குள், நகத்தால் வருடினால் பள்ளம் தட்டாத தடம் என்றால் முடியும். ஹார்டுவேர் கடையில் மார்பிள் பாலிஷ் பவுடர் கேளுங்கள். ஆக்சாலிக் அமிலமும் நுண்ணிய உலோக ஆக்சைடும் கலந்த வெள்ளைப் பொடி அது. ஆக்சாலிக் அமிலம் விஷம். ரப்பர் கையுறை கட்டாயம், குழந்தைகள் அறைக்கு வெளியே, உணவுப் பாத்திரம் எதுவும் அருகில் வேண்டாம்.

இடத்தைக் கழுவித் துடையுங்கள். ஒரு டீஸ்பூன் பொடியைப் போட்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். வெள்ளைக் கம்பளித் துணியையோ ஃபெல்ட் துண்டையோ நாலாக மடித்து, நன்றாக அழுத்தி, சின்ன வட்டமாக 2 முதல் 3 நிமிடம் தேயுங்கள். குழம்பு காயக் கூடாது. காய்ந்தால் அதுவே புதுத் தடம் போட்டுவிடும். சில துளி தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். தேய்க்கத் தேய்க்கத் துணி வழுக்குவது நின்று லேசாகப் பிடிக்கும். மெருகு ஏறும் நேரம் அது. நிறையத் தண்ணீர் விட்டு அலசி, துடைத்து, காய்ந்தபின் பாருங்கள். இரண்டு மூன்று முறை செய்யலாம்.

மூன்றாம் முறையும் ஏறவில்லை என்றால் பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். வாட்டர் பேப்பர் 800, 1500, 3000 நம்பர் என்ற வரிசையில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிறகு பொடிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு நம்பரிலும் முந்தைய தாளின் கோடுகள் மறையும்வரை தேய்க்க வேண்டும், சுற்றளவையும் சிறிது சிறிதாக அகட்ட வேண்டும். தடத்தை மட்டும் குறிவைத்துத் தேய்த்தால் அங்கே கிண்ணம் மாதிரி குழி விழும், வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும்.

இது சுண்ணாம்பு வகைக் கற்களுக்கு மட்டும். கிரானைட் மெருகு இப்படி வராது. அதற்கு மெஷினும் வைரப் பேடும் வேண்டும்.

எண்ணெய்க் கறை உள்ளே இறங்கிவிட்டது. எப்படி எடுப்பது?

பற்றுப் போட வேண்டும். வீக்கத்துக்குப் பற்றுப் போடுகிற மாதிரியேதான். மேலே தேய்ப்பதால் உள்ளே இருக்கும் எண்ணெய் அசையாது. எண்ணெயைக் கரைக்கும் திரவத்தை உள்ளே அனுப்பி, அது காயும்போது கரைந்த எண்ணெயோடு மேலே ஏறி பற்றுக்குள் வந்து தங்கும்படி செய்ய வேண்டும். தாஜ்மகாலின் மஞ்சள் படிவுக்கு இந்தியத் தொல்லியல் துறை போடும் முல்தானி மட்டிப் பூச்சும் இதே முறைதான்.

பூஜை அறையில் விளக்கைச் சுற்றிய நல்லெண்ணெய் வட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் பாத்திர சோப்பு திரவம் இரண்டு சொட்டு விட்டு மேலே உள்ள பிசுக்கைக் கழுவி, ஒரு நாள் காயவிடுங்கள். டால்கம் பவுடரையோ சைனா களிமண் பொடியையோ அசிட்டோன் விட்டுக் கெட்டித் தயிர்ப் பதத்துக்குக் குழையுங்கள். முல்தானி மட்டியும் வேலை செய்யும். ஆனால் பாலிஷ் இல்லாத வெளிர் கல்லில் அதன் நிறமே துளைகளில் தங்கிவிடலாம் என்பதால் வீட்டுக்கு வெள்ளைப் பொடிதான் பாதுகாப்பு. கறையைவிட ஓர் அங்குலம் தாண்டி, 6 மில்லிமீட்டர் கனத்துக்கு அப்புங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரத்தை டேப் ஒட்டுங்கள். 24 மணி நேரம் கழித்துத் தாளை எடுத்துவிட்டு, பற்று முழுக்கக் காய்ந்து வெடிப்பு விடும்வரை தொடாதீர்கள். உறிஞ்சும் வேலை நடப்பதே இந்தக் காயும் நேரத்தில்தான். அவசரப்பட்டு ஈரமாக இருக்கும்போதே வழிப்பவர்களுக்குத்தான் “ஒன்றும் ஆகவில்லை” என்று தோன்றும். காய்ந்ததை மரக் கரண்டியால் சுரண்டி, ஈரத் துணியால் துடையுங்கள்.

முதல் தடவையில் கறை பாதியாகக் குறைந்தாலே வெற்றி. பல வருட எண்ணெய்க்கு நான்கைந்து முறை ஆகும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும்: விளக்கு, அடுப்பு, ஊதுவத்தி எதுவும் எரியக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அசிட்டோன் கிடைக்கவில்லை என்றால் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் போடலாம். புதுக் கறைக்கு அதுவே போதும்.

மஞ்சள், குங்குமம், காபிக் கறைக்கு?

வெளிர் கல்லில் அசிட்டோனுக்குப் பதிலாக, மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு அதே பற்று. கருங்கல்லிலும் கடப்பாவிலும் போட வேண்டாம், வெளுத்துவிடும். மஞ்சள் மட்டும் வெயிலுக்குப் பயப்படும் கறை. ஜன்னல் வெயில் படும் இடம் என்றால் நாலு நாள் வெயிலிலேயே பாதி மங்கிவிடும். மஞ்சள் கறையில் சோப்புத் தண்ணீர் பட்டதும் சிவப்பாக மாறும், பதற வேண்டாம். காரம் பட்டால் மஞ்சளின் இயல்பு அது. குங்குமத்தில் உள்ள சாயம் பலவகை என்பதால் முழுதாகப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது.

ப்ளீச்சிங் திரவத்தையும் கழிப்பறை ஆசிட்டையும், அல்லது ப்ளீச்சிங்கையும் அமோனியாவையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். கிளம்பும் வாயு நுரையீரலைக் கெடுக்கும்.

கேஸ் சிலிண்டர் வைத்த இடத்தில் துரு வட்டம். போகுமா?

கல்லில் வரும் கறைகளில் மிகவும் பிடிவாதமானது இதுதான். துருவை எடுக்கக் கடையில் விற்கும் திரவங்கள் பெரும்பாலும் அமிலம். மார்பிளிலும் கடப்பாவிலும் அவற்றை விட்டால் துருவும் போகாமல், கல்லும் வெந்துபோகும். “மார்பிளுக்குப் பாதுகாப்பானது, அமிலமற்றது” என்று போட்ட துரு நீக்கி கேட்டு வாங்குங்கள். துரு பட்டதும் ஊதா நிறமாக மாறும் வகை அது. நாற்றம் கடுமையாக இருக்கும். அதையும் ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டுத்தான் வட்டத்தில் வைக்க வேண்டும். ஊதா வந்ததும் உறிஞ்சும் பொடியைத் தூவி, டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் வழித்து அலசுங்கள். ஆழமாக இறங்கிய துரு நிழலாகத் தங்கும்.

இனிமேல் வராமல் இருக்க, சிலிண்டருக்கு அடியில் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் ஸ்டாண்டு போடுங்கள். இரும்புப் பூந்தொட்டி ஸ்டாண்டு, பீரோ கால் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஈரத் துணி போட்டுத் துடைக்கும் வீட்டில் வெறும் இரும்பு கல்லைத் தொடக் கூடாது.

குழாயைச் சுற்றி வெள்ளையாகக் கெட்டிப்படுகிறது.

போர் தண்ணீரின் சுண்ணாம்பு. கிரானைட் என்றால் பழைய ஷேவிங் பிளேடைக் கிடையாகப் பிடித்து, சோப்புத் தண்ணீர் விட்டு மெல்ல வழிக்கலாம். மிச்சத்துக்கு வினிகரில் பாதித் தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து 2 நிமிடம் வைத்து, உடனே அலசுங்கள். மார்பிள், கடப்பா மேடையில் வினிகர் கூடவே கூடாது. படிவும் கல்லும் ஒரே பொருள், இரண்டும் சேர்ந்தே கரையும். அங்கே பிளேடும் பொறுமையும்தான். ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றினால் இந்தக் கேள்வியே வராது.

தரையில் உப்புப் பூக்கிறது. சீலர் அடித்தால் நிற்குமா?

நிற்காது. கெடும். இதைத்தான் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

உப்பு கல்லிலிருந்து வருவதில்லை. அடியில் உள்ள மண்ணிலோ கலவையிலோ இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு ஈரம் மேலே ஏறுகிறது. மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகி உப்பு தங்குகிறது. மேலே பூத்தால் அது வெறும் அசிங்கம். வாயை அடைத்துவிட்டால் உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகும், படிகம் பருத்து மேல் ஏட்டைத் தள்ளி உடைக்கும். கடப்பா, மணற்கல் செதில் செதிலாக உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

முதலில் ஈரம் எங்கிருந்து என்று பாருங்கள். பக்கத்துக் குளியலறை, சுவருக்குள் ஓடும் குழாய், வெளியே தரைமட்டத்தைவிட உயர்ந்துவிட்ட மண், தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாக. பிறகு உப்பை உலர்ந்த நைலான் பிரஷ்ஷால் பெருக்கி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய், அடுத்த வாரம் திரும்பி வரும். அதிகமாக இருந்தால் ஆர்ஓ தண்ணீரில் டிஷ்யூ தாளைக் கூழாக்கிப் பற்றுப் போட்டு உப்பை இழுக்கலாம்.

ஈரம் நின்றதா என்று அறிய, ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். தாளின் அடியில் வியர்வை பூத்தாலோ கல் கருத்தாலோ இன்னும் ஈரம் ஏறுகிறது. உலர்ந்திருந்தால் மட்டும், ஆவியை விடும் ஊடுருவும் சீலரைப் பற்றி யோசியுங்கள்.

சீலர் பூசும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

நாள் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச வேண்டாம், கல் காயாது. மாசியிலிருந்து ஆனி வரை நல்ல காலம். ஆனால் உச்சி வெயிலில் சுடும் கல்லிலும் பூசக் கூடாது. உள்ளே இறங்கும் முன்பே ஆவியாகிவிடும். காலை நேரம் சரி.

அளவு: பாலிஷ் போட்ட நெருக்கமான கல்லில் ஒரு லிட்டர் சுமார் 150 முதல் 250 சதுர அடி வரை வரும். சொரசொரப்பான மணற்கல்லில் 50 முதல் 80 சதுர அடியோடு தீர்ந்துவிடும். இரண்டடி அகலம் பத்தடி நீளச் சமையல் மேடைக்கு இரண்டு கோட்டுக்கும் சேர்த்து கால் லிட்டர் தாராளம். ஐந்து லிட்டர் டப்பாவைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள்.

1. கறை, மெழுகு, பினாயில் படிவு எல்லாம் முதலில் போக வேண்டும். சீலருக்கு அடியில் மாட்டிய கறை வெளியே வராது.
2. அலசி, காயவிடுங்கள். சாதாரணமாகக் கழுவிய மேடைக்கு 24 மணி நேரம். தரையைத் தண்ணீர் விட்டு மெஷின் பாலிஷ் போட்டிருந்தால் குறைந்தது ஒரு வாரம், ஃபேன் ஓட.
3. கரைப்பான் கலந்த சீலர் என்றால் அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரையும் மூடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.
4. ஒரு சதுர அடி ஓரத்தில் பூசிப் பார்த்து, மறுநாள் நிறம் பிடித்திருந்தால் மட்டும் தொடருங்கள்.
5. பஞ்சு உதிராத துணியை நனைத்து, நாலைந்து சதுர அடி பகுதியாக, கல் ஈரமாகத் தெரியும்படி சமமாகப் பரப்புங்கள். இணைப்புக் கோடுகளையும் விடாதீர்கள்.
6. டப்பாவில் சொன்ன நேரம், பொதுவாக 5 முதல் 10 நிமிடம், ஊறவிடுங்கள். நடுவில் உலரும் இடத்துக்கு மேலும் கொஞ்சம் கொடுங்கள்.
7. மிச்சத்தை உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்தெடுங்கள். வேலையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. மேலே எதுவும் காயக் கூடாது. துணி நனைந்ததும் வேறு துணி எடுங்கள். நனைந்த துணி துடைக்காது, பரப்பும்.
8. குடிக்கும் கல்லுக்கு இரண்டாம் கோட், டப்பாவில் உள்ள இடைவெளி விட்டு.
9. 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. மேடையில் சப்பாத்தி தேய்க்க, மாவு பிசைய, டப்பாவில் சொன்ன முழு உலர் நேரம் முடியட்டும்.

பூசிய மறுநாள் மேகம் போலப் படலம். ஏன்?

துடைத்தெடுக்காமல் விட்ட சீலர். அதே சீலரைத் துணியில் கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் தடவினால், காய்ந்தது இளகும். இரண்டு நிமிடத்துக்குள் உலர்ந்த துணியால் அழுத்தித் துடையுங்கள். ஓரிரு நாளுக்குள் செய்தால் சுலபம். வாரக்கணக்கில் விட்டால் அந்த நிறுவனத்தின் கரைப்பான்தான் வேண்டியிருக்கும். ஸ்டீல் நார் போடாதீர்கள், கம்பித்துகள் தங்கித் துருவாகும்.

தரை முழுக்க மங்கிவிட்டது. மெஷின் பாலிஷுக்கு ஆள் வைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நம்பர் வரிசையை. மார்பிள் தரைக்கு வைரப் பேடு 50 அல்லது 100இல் தொடங்கி 200, 400, 800, 1500, 3000 என்று ஏற வேண்டும். மேடு பள்ளமோ ஆழக் கீறலோ இல்லாமல் வெறும் மங்கல் மட்டும் என்றால் 400இலேயே தொடங்கலாம். கல் வீணாகத் தேயாது. நேரத்தை மிச்சப்படுத்த நடுவில் இரண்டு நம்பரைத் தாண்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அன்று மாலை பளபளக்கும். மறுநாள் காலை ஜன்னல் வெயில் சாய்ந்து விழும்போது வட்ட வட்டமாகச் சுழிக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் சேற்றை அள்ளி, கழுவி, காயவைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள். ஈரத்தில் எல்லாத் தரையும் அழகாகத்தான் தெரியும்.

கடைசி மெருகுக்கு ஆக்சாலிக் பொடி போடுவது பழைய, நல்ல முறை. மத்தியப் பொதுப்பணித் துறையின் வேலைக் குறிப்பில் சதுர மீட்டருக்கு 33 கிராம் என்றிருக்கிறது. அதற்கு மேல் அள்ளிப் போடுவது மெருகைக் கூட்டாது. மிச்சத்தைச் சரியாகக் கழுவாவிட்டால் கல்லை எரிக்கும். மெழுகு தேய்த்து மினுக்கிக் காட்டுவதை ஏற்காதீர்கள். அரைக்கும் வேலை எல்லாம் தண்ணீரோடுதான் நடக்க வேண்டும். கிரானைட், மணற்கல் தூசி சுவாசத்தில் போனால் நுரையீரலில் தங்கும் நோய் வரும். வேலை செய்பவருக்கு முகமூடி இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள்.

கடப்பா மேடை சாம்பலாக வெளுத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

தடவிய நிமிடம் கருப்பாகத் திரும்பும், அதனால்தான் எல்லோரும் தடவுகிறார்கள். பத்து நாளில் தூசி பிடித்து, பிசுக்கேறி, சிக்குவாடை வரும். மண்ணெண்ணெயும் வேண்டாம். கடப்பா வெளுப்பது புளிப்பும் சோப்புக்கட்டித் தேய்ப்பும் மேல்பரப்பை நுணுக்கமாகச் சொறித்துவிடுவதால்தான். வாட்டர் பேப்பர் 400, 800, 1500 என்று தண்ணீரோடு தேய்த்து, காயவைத்து, நிறம் கூட்டும் ஊடுருவும் சீலர் பூசுங்கள். ஈரக் கல்லின் கருமை அப்படியே நிற்கும். ஏடு உரியும் பலகையை மட்டும் இது காப்பாற்றாது.

கருப்பு கிரானைட் சில இடத்தில் சாம்பலாகிறது. கிரானைட்டும் மங்குமா?

நல்ல கருப்பு கிரானைட் எலுமிச்சைக்கு மங்காது. மங்கினால் இரண்டில் ஒன்று: சாம்பல் கல்லுக்குச் சாயமேற்றி விற்றிருக்கிறார்கள், அல்லது மேலே எண்ணெயோ மெழுகோ பூசியிருக்கிறார்கள். வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து ஓர் ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். துணியில் கருப்பு ஏறினால் சாயம். அதை வீட்டில் சரிசெய்ய வழியில்லை. வாங்கும்போதே பலகையில் இந்தத் துணிச் சோதனையைச் செய்துவிட்டால் அந்த வருத்தம் இல்லை.

விளிம்பு சில்லு பெயர்ந்தது, சிங்க் மூலையில் விரிசல். என்ன செய்யலாம்?

சில்லு என்றால் இரட்டைக் குழாய் ஈபாக்சி பசையைச் சமபங்கு எடுத்து, அதே கல்லின் பொடியையோ பொருத்தமான நிறப் பொடியையோ கலந்து, கொஞ்சம் மேடாக நிரப்புங்கள். முதலில் அசிட்டோனால் துடைத்து, ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும். 24 மணி நேரம் கழித்துப் பிளேடால் மட்டமாக்கி, 800க்கு மேல் நம்பர் தாளால் மெருகேற்றலாம். பாலியெஸ்டர் பசை மலிவு, சீக்கிரம் இறுகும். வெயில் பட்டால் இரண்டு பசையுமே மஞ்சளாகலாம்.

சிங்க் மூலை விரிசல் வேறு விஷயம். வெட்டிய மூலைக்கு அடியில் தாங்கல் இல்லாததால் வருவது. நிரப்புவதற்கு முன் அடியில் சட்டம் கொடுங்கள், இல்லாவிட்டால் பசைக்குப் பக்கத்தில் புதுக் கோடு விடும்.

தினமும் எதைக் கொண்டு துடைப்பது?

10 லிட்டர் வாளித் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் நடுநிலைத் தரைத் திரவம், அல்லது எலுமிச்சை, வினிகர் சேராத பாத்திர சோப்பு திரவம். பிறகு வெறும் தண்ணீரில் ஒரு துடைப்பு. இந்த இரண்டாம் துடைப்பை விடுவதால்தான் தரையில் கால் தடம் பதிகிறது. அதற்கு முன் நன்றாகப் பெருக்க வேண்டும். மணலோடு மாப் போட்டால் தரையை நீங்களே அரைக்கிறீர்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்புக்கட்டியும் பச்சை நாரும் மார்பிள், கடப்பா பக்கம் வரவே கூடாது. கருப்புப் பினாயில் வெளிர் கல்லில் கறை ஏற்றும், வெள்ளைப் பினாயில் அளவு மீறினால் பிசுக்குப் படலம் விடும். வாசல் மார்பிளில் கோலம் அரிசி மாவில் போடுங்கள். கல்மாவில் கடினத் துகள் இருந்தால், அதை மிதித்துத் தேய்க்கும் கால் ஒவ்வொன்றும் உப்புத்தாள் மாதிரிதான்.

புது வீட்டில் டைல்ஸ் வேலை முடிந்ததும் சிமெண்ட் கறைக்கு ஆசிட் ஊற்றும் பழக்கம் உண்டு. கல் பதித்த அறைக்குள் அதைக் கொண்டுவர விடாதீர்கள். ஒரு குவளை போதும், பல வருட மெருகு ஒரு நிமிடத்தில் போகும்.

எத்தனை வருடத்துக்கு ஒரு முறை சீலர் பூச வேண்டும்?

வருடத்தை எண்ணாதீர்கள். பொங்கலுக்கு வீடு கழுவும்போது அந்த அரை டீஸ்பூன் தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள். கருத்த இடத்துக்கு மட்டும் பூசினால் போதும். சிங்க் பக்கம் சீக்கிரம் போகும், சுவர் ஓரம் பல வருடம் நிற்கும்.

அம்மி, ஆட்டுக்கல், கருங்கல் திண்ணைக்கு?

திண்ணையும் வாசற்படியும் கொத்திய கருங்கல் என்றால் சீலர் தேவையில்லை. பாசி பிடித்தால் நைலான் பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். மழைக்காலத்தில் வழுக்காமல் இருப்பது அந்தக் கொத்து இருப்பதால்தான், அதை மெஷின் போட்டு வழவழப்பாக்காதீர்கள்.

அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் சீலர் கூடவே கூடாது. அரைக்கும்போது பரப்பு தேய்ந்து உணவில் கலக்கும். சோப்பும் வேண்டாம், துளைகளில் தங்கி அடுத்த துவையலில் வாசம் வரும். வழவழவென்று ஆகி மிளகாய் நழுவினால் கல் கொத்துபவரிடம் கொடுத்துக் கொத்தச் சொல்லுங்கள். கொத்தி வந்த கல்லை பிரஷ் போட்டுக் கழுவி, முதலில் தவிடு அரைத்துக் கொட்டுங்கள், பிறகு ஊறிய அரிசி. அரைத்த மாவை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, நெருநெருப்பு இல்லாமல் வெள்ளையாக வரும்வரை கொட்டிக்கொண்டே இருங்கள். பொதுவாக மூன்று நான்கு தடவை ஆகும். அதன் பிறகு சட்னி அரைக்கலாம்.